கீழே போனால் ஒன்றுமில்லை

காலை ஐந்து நாற்பது. பூப்பாறை.
வைப்பர் பனியைத் துடைக்கவில்லை,
இடம் மாற்றி வைக்கிறது.
தொண்ணூற்றாறு மாடல் மாருதி.
பின்சீட்டில் ஏலக்காய் மாதிரிப் பைகள் பதினாலு.
பத்து மணிக்குப் போடியில் ஏலம்.

சோக்கை இழுத்தால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது.
நிற்கும்போது குறையே இல்லை.
கிளம்பு என்று மிதித்த அந்த நொடியில்தான்
ஒரு பள்ளம்.
சொல்ல வந்ததை மறந்துபோன ஆள் மாதிரி
சத்தம் விழுந்து, ஒரு கணம் நின்று,
பிறகு உதறிக்கொண்டு போகும்.

முக்குரோட்டில் நடுரோட்டில் அப்படி நின்றேன்.
தேவாரத்திலிருந்து ஆள் ஏற்றி வந்த ஜீப்
என் கதவுக்கு ஒரு முழம் தள்ளிக் குலுங்கி நின்றது.
தலையில் துண்டு கட்டிய பதினெட்டுப் பெண்கள்
ஒரே குரலில் என் பரம்பரையை விசாரித்தார்கள்.

போடிமெட்டு தாண்டுவதற்குள் முள் நடுவுக்கு வந்துவிடும்.
கொண்டை ஊசி ஒவ்வொன்றாக இறங்க இறங்க
நான் ஸ்வெட்டரைக் கழற்றுவேன்,
வண்டி தன் நோயைக் கழற்றிவிடும்.
போடியில் சன்னாசி ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"ஒண்ணுமில்லக்கா. தேர் மாதிரி போகுது."
சும்மா அனுப்ப மனமில்லாமல்
பிளக் மூன்றையும் மாற்றினான்.
அடுத்த வாரம் பில்டர். அதற்கடுத்த வாரம் வயர்.
"மேல போடுற பெட்ரோல் அப்படி" என்றான்.

மேலே பென்னி, மூக்கைச் சுருக்கி,
"தமிழ்நாட்டுப் பெட்ரோல் அல்லே சேச்சீ" என்றான்.
அவன் ஷட்டரைத் தூக்குவது ஒன்பதரைக்கு.
அதற்குள் பானெட்டில் வெயில் ஏறி உட்கார்ந்துவிடும்.
அவனிடமும் தேர் மாதிரி.

இரண்டு மாநிலத்துக்கும் தெரியாத ஒரு வியாதி,
எனக்கும் இருட்டுக்கும் மட்டும் தெரிந்தது.

மாதிரிப் பைக்குச் சீட்டு எழுதும் நோட்டில்
கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய்: சோக் பாதி. பள்ளம் ஆழம்.
புதன்: சோக் முழுசு. பள்ளம் குறைவு.
வியாழன்: மழை, வண்டி எடுக்கவில்லை.
வெள்ளி: மெல்ல மிதித்தால் இல்லை,
சட்டென்று மிதித்தால் உண்டு.
வரிசையாகப் படித்தபோது புரிந்தது:
இதற்குப் பசி.
கேட்கிற நேரத்தில் ஒரு வாய் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு,
சாவியைத் தொடாமல் பானெட்டைத் தூக்கினேன்.
சிறகு நட்டைக் கழற்றி, காற்று டப்பாவை எடுத்து வைத்து,
கார்புரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்தேன்.
இரும்பு விரலைக் கடித்தது.
லிவரைக் கையால் சட்டென்று இழுத்தால்
பெட்ரோல் ஒரு கோடாகப் பீய்ச்ச வேண்டும்.
இழுத்தேன்.
ஒரு சொட்டு, விளிம்பில் யோசித்துக்கொண்டு நின்றது.
மறுபடி இழுத்தேன்.
அதே சொட்டு கொஞ்சம் பெரிதானது.

சன்னாசியிடம் போய் "ஆக்ஸிலேட்டர் பம்ப்பைப் பிரி" என்றேன்.
என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பிரித்தான்.
பத்துப் பைசா அளவுக்கு ஒரு ரப்பர் தோல்.
வெயிலுக்கு நேரே பிடித்து விரித்தபோது
மயிரிழை வெளிச்சம் உள்ளே வந்தது.
"சூட்டுல இருந்தா இது காட்டிக்காதுக்கா" என்றான்,
ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி.
கிட் முந்நூற்று நாற்பது. பிளக்குக்குப் போன காசு போனதுதான்.

திங்கள். ஐந்து நாற்பது. பனி.
முக்குரோடு வந்ததும் என் முதுகு
சீட்டைவிட்டு விலகி விழப்போவதற்குத் தயாரானது.
விழவில்லை. மிதித்ததும் போனது,
கேள்வி கேட்காமல்.
ஜீப்பிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்:
"ஏ தவமணி, இன்னைக்கு நிக்கலயா?"
குரலில் லேசான ஏமாற்றம்.

அந்தச் சந்தோஷத்தில் சோக்கை உள்ளே தள்ள மறந்து
தோண்டிமலை வரை
கரும்புகை விட்டுக்கொண்டே போனேன்.